கையில் இருந்ததும் கையில் எடுத்ததும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். கீழே கடையில் என் அப்பா. மேல்மாடி அறையில், கட்டிலில், ஜாகா வேலை பார்த்த மாமா. கடை வாசலில் தேங்காய்க்குக் காத்து நின்ற காத்தோங் பீபி. இல்லாதவர்கள் இரண்டு பேர். அம்மா சனிக்கிழமை நொவேனா ஜெபத்துக்குக் கோவிலுக்குப் போயிருந்தார். நான் ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஆபீசில் கடிதங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவர்கள் போலீசில் சொன்னது கொஞ்சம். நடந்ததை முதலிலிருந்து கடைசி வரைக்கும் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னவன் அங்கே இல்லாத நான்.

எழுபதுகளின் பின்பாதி அது. கஃப் ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டின் முன்பக்கத்தில் அப்பா தேங்காய்க் கடை வைத்திருந்தார். பின்னால் இருந்த ஒற்றை அறையில் அப்பா, அம்மா, நான். அக்கா கல்யாணமாகிப் புக்கிட் மேராவுக்குப் போய்விட்டாள். மேல்மாடியைப் பலகை வைத்துத் தடுத்து ஆறேழு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கடைக்கு நேர் மேலே மாமா. சொந்தமில்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். ஜாகா என்றால் இராக்காவல். எங்கோ ஒரு கிடங்கில் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். அப்பா ஆறு மணிக்கே வேலையை ஆரம்பித்திருப்பார். பாராங் என்று மலாயில் சொல்கிற நீளக் கத்திதான் அவருக்கு எல்லாம். தேங்காயை இடது கையில் வைத்துக் கத்தியின் முதுகால் சுற்றி நாலு தட்டுத் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். அந்தத் தட்டும் துருவுகிற மெஷினின் இரைச்சலும் பலகைத் தரை வழியாக நேராக மேலே போகும்.

"அண்ணே, உங்க தேங்கா எல்லாம் என் கட்டில் கால்லதான் உடையுது" என்பார் மாமா.

"சத்தமில்லாம தேங்கா உடைக்கிற கடை எங்கயாச்சும் இருந்தா சொல்லு தம்பி. நானே அங்க வேலைக்குப் போயிடறேன்" என்பார் அப்பா.

இரண்டு வருஷம் இப்படித்தான் போனது. அதைச் சண்டை என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பதினோரு மணிவாக்கில் காத்தோங் பீபி வந்திருந்தார். பெரனாக்கான் வீடுகளின், அதாவது மலாய் பேசுகிற பழைய சீனக் குடும்பங்களின், மூத்த பெண்களை பீபிக் என்பார்கள். அப்பா வாயில் அது பீபி. காத்தோங் பக்கத்திலிருந்து வருகிறவர், பலகாரம் செய்து விற்கிறவர். நாலு தேங்காய் கேட்டிருந்தார். மூன்றைத் துருவித் தட்டில் குவித்தாயிற்று. நாலாவது கையில் இருக்கும்போது மேலே பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் மாமா ஒரு கூஜாத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டார். துருவல் முழுக்க நனைந்தது, பலகைத் தூசியோடு சேர்ந்து. அப்பா மாடிப்படி ஏறினார். கையில் பாராங் இருந்தது. மாமா வந்தவரையும் பார்த்தார், கத்தியையும் பார்த்தார், தலையணையைத் தூக்கி வீசினார். அப்பா முகத்தை மறைக்கக் கையைத் தூக்க, கத்தி நுனியில் தலையணை கிழிந்து அறை முழுக்க இலவம்பஞ்சு பறந்தது. மாமா ஜன்னலுக்கு ஓடி "வெட்ட வராண்டா" என்று கத்தினார். எதிர்க் காப்பிக்கடைக்காரர் போலீசுக்குப் போன் போட்டார். யார் மேலும் ஒரு கீறல் இல்லை.

நான் வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கியபோது கடை திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. காப்பிக்கடைக்காரர் சாலையைக் கடந்து வந்து, "உங்கப்பா போலீஸ் ஸ்டேஷன்ல, சீக்கிரம் போ" என்றார். ஆபீஸ் சட்டையோடு, பையில் பேனாவோடு ஓடினேன்.

ஸ்டேஷனில் அப்பா ஒரு மலாய்க் கான்ஸ்டபிளோடு பேசிக்கொண்டிருந்தார். நான் நுழையும்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "பாராங் சுடா அடா தாங்கான், லூப்பா சிம்பான்." கத்தி ஏற்கெனவே கையில இருந்துச்சு, வைக்க மறந்துட்டேன். சந்தை மலாய். அப்பா இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருந்த மொழி. கான்ஸ்டபிள் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அப்படியே விட்டிருந்தால் அவர் அதைப் பக்கத்து மேஜை சார்ஜெண்டிடம் சொல்லியிருப்பார், சார்ஜெண்ட் தட்டச்சில் அடித்திருப்பார்.

எனக்கு அந்த மலாய் வெட்கமாக இருந்தது. இலக்கணம் இல்லாத மொழியில் அப்பா கையைக் காலை ஆட்டிப் பேசுவதைப் பார்க்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கஃப் ரோட்டில் பாதிப் பேருக்கு வீட்டு விண்ணப்பம், வேலை விண்ணப்பம் எல்லாம் நான்தான் எழுதினேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் திங்கட்கிழமைதான் வருவார், யாருக்காவது இங்கிலீஷ் தெரியுமா என்று சார்ஜெண்ட் கேட்டதும், "ஐ கேன், சார்" என்று முன்னால் போய் நின்றேன். கான்ஸ்டபிள் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

"அப்பா, தமிழ்ல சொல்லுங்க. நான் சொல்லிக்கிறேன்."

அப்பாவுக்கு எவ்வளவு நிம்மதி. முகமே மாறிவிட்டது. "மேலேர்ந்து தண்ணி ஊத்திட்டான் சார். துருவின தேங்கா பூரா போச்சு. கத்திய எடுத்துக்கிட்டு மேல போனேன். நியாயம் கேக்கத்தான் போனேன், வேற ஒண்ணுமில்ல."

நான் சொன்னேன். கத்தியை எடுத்தார், மேலே போனார். சார்ஜெண்ட் தட்டச்சை நிறுத்தி, எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டார். அப்பாவிடம் திரும்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தெரியாதவன் மாதிரித் தெரிந்துவிடுமோ என்று பயம். கொஞ்சம் முன்னால் மலாயில் கேட்டது மனசில் ஏறவே இல்லை. கடையில் ஒரு மரக்கட்டை உண்டு, கத்தி எப்போதும் அதன் மேல்தான் கிடக்கும். "ஃப்ரம் த பிளாக், சார்" என்றேன். எதற்குப் போனார்? 'நியாயம்' என்பதற்கு எனக்கு ஒரு வார்த்தைதான் தெரியும். "டு கெட் ஜஸ்டிஸ்."

வாக்குமூலத்தில் கடைசியில் நின்ற வரி இது: மரக்கட்டையிலிருந்து பாராங்கை எடுத்தேன், நீதியைப் பெறுவதற்காக மேலே சென்றேன்.

நான் அதை வாசித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை என்று திருப்திப்பட்டேன். அப்பா பெருவிரல் வைத்தார். தேங்காய் நாரில் தேய்ந்த விரல். ரேகை சரியாக விழாமல் மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது.

அக்கா வீட்டுக்காரர் ஜாமீன் நின்றார். அடுத்த வாரம் கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் நல்ல மேடைத் தமிழில் சொன்னார்: காயம் விளைவிப்பதற்கான ஏற்பாடு செய்துகொண்டு வீட்டினுள் அத்துமீறி நுழைந்தமை. அப்பா பணிவாகத் தலையாட்டினார். மேஜையில் சாட்சிப் பொருளாக அந்தக் கிழிந்த தலையணை, மூலையில் அட்டை கட்டி. வழக்கைத் தள்ளிவைத்தார்கள்.

பஸ்ஸில் அப்பா கேட்டார். "ஏற்பாடுன்னாரே, பழைய ஏற்பாடா, புதிய ஏற்பாடா?"

அம்மா சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. கல்யாண ஏற்பாடுன்னு சொல்வாங்கல்ல, அது."

"நான் என்னத்த ஏற்பாடு பண்ணினேன்? தண்ணி கொட்டுச்சு, போனேன்."

அந்த ஒரு சொல் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் வேலை முடிந்ததும் ஸ்டாம்ஃபர்ட் ரோடு நூலகத்துக்குப் போய்க் குற்றவியல் சட்டப் புத்தகத்தை எடுத்துவைத்து, பக்கத்தில் அகராதியும் வைத்து, ஒரு தாளில் எழுதினேன். ஒருவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தால் ஒரு வருஷம் வரை சிறை, இல்லையென்றால் ஆயிரம் டாலர், எங்கள் பேச்சில் வெள்ளி, வரை அபராதம். அதே ஆள், அதே வீட்டுக்குள், காயப்படுத்த முன்கூட்டித் தயார் செய்துகொண்டு நுழைந்தால் ஏழு வருஷம் வரை. அதோடு பிரம்படியும் உண்டு. திரும்பத் திரும்பப் படித்தேன். கதவு அதே கதவு. கால் அதே கால். கத்தி கைக்கு எப்போது வந்தது என்பதுதான் வித்தியாசம். அது கைக்கு எப்போது வந்தது என்று சொன்னவன் நான்.

நூலகம் மூடும் மணி அடித்தது. வீடு வரைக்கும் நடந்தேன். பஸ்ஸில் உட்கார முடிந்திருக்காது.

ஐம்பது வயது தாண்டிய ஆணுக்குப் பிரம்படி கிடையாது என்றும் படித்திருந்தேன். அப்பாவின் அடையாள அட்டையில் நாற்பத்தெட்டு. "அது பொய்" என்றார் அம்மா. "வேலை கிடைக்கணும்னு மூணு வருஷம் குறைச்சுச் சொல்லித்தான் கப்பல் ஏறினாரு. உண்மையில அம்பத்தொண்ணு. ஞானஸ்நானப் பதிவு ஊர்க் கோவில்ல இருக்கும்." அன்றே அந்தப் பங்குச் சாமியாருக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வந்தது. வழக்கு முடிந்து மூன்று மாதம் கழித்து வந்தது.

நார்த் பிரிட்ஜ் ரோட்டில் இரண்டாவது மாடியில் ஒரு தமிழ் வக்கீல். வாக்குமூலத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாரு மொழிபெயர்த்தது?"

"நான்தான் சார்."

"நீ அங்க இருந்தியா?"

"இல்ல சார்."

"அப்புறம் இந்த மரக்கட்டை எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் அப்பாவைப் பார்த்தார். "ஐயா, கத்திய எங்கயாச்சும் எடுத்தீங்களா? இல்ல, கையிலயே இருந்துச்சா?"

"கையிலதான் சார். உடைச்சுக்கிட்டில்ல இருந்தேன்."

"பாத்தியா தம்பி? குடைய எடுத்துக்கிட்டுப் போனேன்னு சொல்றோம். குடை கையிலதான் இருக்கும். தமிழ்ல அது சும்மா ஒரு பேச்சு. நீ இங்கிலீஷ்ல எடுக்க வச்சுட்டே. கையில இருந்தா ஒண்ணு, கையில எடுத்தா ஒண்ணு. நடுவுல ஆறு வருஷம்."

அப்புறம் அவர் வழி சொன்னார். நான் ஒரு சத்தியக் கடுதாசி கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் என் தவறு, மரக்கட்டை என்று அப்பா சொல்லவில்லை, அந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் என்னுடையவை என்று. எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இப்பவே எழுதிக் கொடுக்கிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

"வேண்டாம்" என்றார் அப்பா.

வக்கீலும் நானும் அவரைப் பார்த்தோம்.

"அவன் சொன்னது சரிதான் சார். எடுத்துக்கிட்டுத்தான் போனேன். நான் என்ன சொன்னேனோ அதத்தான் அவன் சொன்னான்."

"ஐயா, அது உங்கள உள்ள தள்ளிடும்."

"அவன் பதினோரு வருஷம் படிச்சவன். அவன் இங்கிலீஷ் தப்புன்னு கோர்ட்டுல எழுத வேண்டாம்."

படிக்கட்டில் இறங்கும்போது நான் கெஞ்சினேன். என் இங்கிலீஷ் தப்புதான், பெரிய தப்பு, எனக்கே தெரிகிறது என்றேன். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியா இல்லியா? நாளைக்கு அவன் ஃபைலத் தொறந்து பாப்பான். இவன் போலீசுல தப்பாச் சொன்னவன்னு இருக்கும். எவன் வேலை தருவான்? என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கட்டும். நான் கைநாட்டு. எனக்கு என்ன போச்சு?"

"ஏழு வருஷம்ப்பா."

"அது அவன் குடுத்தாத்தானே?"

அவரை அசைக்க முடியவில்லை. அம்மா பேசிப் பார்த்தார். அக்கா புக்கிட் மேராவிலிருந்து வந்து அழுதுவிட்டுப் போனாள். அப்பாவுக்குத் தெரியாமல் நான் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். வக்கீல் மறுத்துவிட்டார். வழக்கு அப்பாவுடையது, அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பாராங்கைப் போலீஸ் வைத்துக்கொண்டதால் அப்பா இரவல் கத்தியில் வேலை செய்தார். பிடி பழகாமல் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டினார். ஒரு காலையில் நான் கடையில் நின்று, அன்றைக்கு நடந்ததைப் பேசாமல் செய்து காட்டுங்கள் என்று கேட்டேன். கைகளால் மட்டும். எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியாது. சொற்கள் மேல் நம்பிக்கை போயிருந்தது. அப்பா முனகிக்கொண்டே செய்தார். தலையைத் தூக்கி மேலே பார்த்தார். திரும்பினார். இரண்டு படி ஏறினார். வலது கை கத்தியைப் பிடித்த மாதிரி. இடது கை வயிற்றுக்கு நேராக, குழித்து, மேல்நோக்கி.

"இடது கைய ஏன் அப்படி வச்சிருக்கீங்க?"

"தேங்கா மூடி இருந்துச்சுல்ல."

"எது?"

"நாலாவது தேங்கா. அப்பத்தான் ஒடைச்சேன். ஒரு மூடி கீழ விழுந்துடுச்சு, ஒரு மூடி கையில."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

பாதித் தேங்காயை ஏந்திக்கொண்டு ஒருவன் வெட்டுக்குத்துக்கு ஏற்பாடு செய்வானா? வக்கீலிடம் ஓடினேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, "யாரு பாத்தது? மூடி எங்க?" என்றார்.

மூடியைத் தேடி மாமாவிடம் போனேன். அவர் பின்கட்டுக் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வழக்கு நடக்கும்போதும் ஒரே குழாய்தான். அப்பா முகம் கழுவிவிட்டு விலகுவார், இவர் வருவார். இரண்டு பேரும் பேசுவதில்லை.

"ஆமா தம்பி. என் கட்டில்ல வச்சிட்டுப் போயிட்டாரு."

"இப்ப எங்க மாமா?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "சட்னி அரைச்சுட்டேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவருக்கே சங்கடமாகிவிட்டது. "ரெண்டு நாள் பாத்தேன், யாரும் கேக்கல. கெட்டுப்போயிடுமேன்னு. நான் கேஸ் போடல தம்பி, சத்தியமா. வெட்ட வராண்டான்னு ஒரு வார்த்தை கத்தினேன். யாரு கத்தமாட்டா? போலீசு அதையே எழுதிக்கிட்டான். இப்ப போய் மாத்திச் சொன்னா என்னையே உள்ள வச்சிடுவான். எனக்கு வேலையே போலீசு குடுத்த சீட்டுலதான் ஓடுது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்கப்பா இப்பல்லாம் மெதுவாத்தான் தட்டுறாரு, கேக்குது" என்றார்.

மிச்சம் இருந்தது பீபி. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் கடைப்பக்கம் வரவே இல்லை. பெயர் தெரியாது. வீடு தெரியாது. காத்தோங், அவ்வளவுதான். இரண்டு ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போய் அலைந்தேன். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் பலகாரம் விற்கிற ஒவ்வொரு பெண்மணியையும் உற்றுப் பார்த்தேன். ஒருவர் என்னைத் திருடன் என்று நினைத்துத் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். சிலோன் ரோடு பிள்ளையார் கோவில் வாசலில் பூ விற்றவரிடம் கேட்டேன். "கொண்டை போட்டு சாரோங் கட்டின கிழவியா? இந்தத் தெருவுல முப்பது பேர் இருப்பாங்க தம்பி" என்றார். வழக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இரவில் கண்ணை மூடினால் கதவுகளாக வந்தன.

மூன்றாவது வாரம்தான் தேங்காய்க்காரன் மகனுக்குப் புத்தி வந்தது. எங்களிடம் வாங்கவில்லை என்றால் வேறு எங்கோ வாங்கத்தானே வேண்டும். ஜூ சியாட் சந்தையில் தேங்காய் விற்ற மலாய்க்காரரிடம் போய், ஒவ்வொரு தேங்காயையும் காதில் வைத்து ஆட்டிப் பார்க்கிற பீபி யாராவது வருகிறாரா என்று கேட்டேன்.

"அவங்களா?" அவர் பெருமூச்சு விட்டார். "பத்து ஆட்டி ஒண்ணு எடுப்பாங்க. வியாழக்கிழமை வருவாங்க. கூட்டிக்கிட்டுப் போயிடு."

வியாழக்கிழமை ஆபீசில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போனேன். பீபி காதில் தேங்காயோடு நின்றார். நான் யார் என்று மலாயில் சொன்னதும் தேங்காயைக் கீழே வைத்தார்.

"உங்கப்பாவுக்கு நான் நாலு தேங்காய்க்குக் காசு கொடுத்தேன். ஒண்ணுகூட வீட்டுக்கு வரலை. மூணு நனைஞ்சு போச்சு. நாலாவதைக் கையில பிடிச்சுக்கிட்டு மனுஷன் மாடிக்குப் போயிட்டார். நான் கீழேர்ந்து கூப்பிடுறேன், என் தேங்காய், என் தேங்காய்னு. காதுல விழலை."

அவரை அப்படியே நடைபாதைத் திண்டில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட்டுக்கு வரமாட்டேன், அது சியால், பீடை என்றார். வக்கீல் ஆபீசுக்கு வந்தால் போதும் என்றேன். டாக்சியில்தான் வருவேன் என்றார். சரி என்றேன்.

வக்கீல் மேஜையில் நான் பழக்கதோஷத்தில் தாளை இழுத்தேன். "நீங்க சொல்லுங்க பீபி, நான் இங்கிலீஷ்ல எழுதறேன்."

"எனக்கு எழுதத் தெரியும்" என்றார் அவர். சின்ன வயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவராம். பேனாவை வாங்கி, உருண்டை உருண்டையான எழுத்தில், ஆறே வரி எழுதினார். நான் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். கடைக்காரர் தேங்காயை உடைத்துக்கொண்டிருந்தார், பாராங் வலது கையில், என் தேங்காய் இடது கையில். ஹோல்டிங் என்று எழுதியிருந்தார். பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சின்னச் சொல். எனக்கு அது மூன்றாம் வகுப்பிலேயே தெரியும்.

அப்பா அந்தத் தாளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தமிழில் சொன்னேன். "இதுல உன்னைப் பத்தி ஒண்ணும் இல்லியே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அனுப்பச் சொல்லு."

வக்கீல் அதை அரசுத் தரப்புக்கு அனுப்பினார். ஐந்து வாரம் பதில் இல்லை. அந்த ஐந்து வாரமும் நான் ஆபீசில் கடிதங்களுக்குத் தப்பு எண் போட்டேன். வழக்கு நாளுக்கு இரண்டு நாள் முன்னால் குற்றச்சாட்டை மாற்றினார்கள். ஏற்பாடு போய்விட்டது. வெறும் அத்துமீறல் மட்டும் மிச்சம். அதை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடியலாம் என்றார் வக்கீல், முடியாமலும் போகலாம்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் கேட்டார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று.

"ஒப்புக்கிறேன் ஐயா. கதவு திறந்துதான் இருந்துச்சு, இருந்தாலும் கூப்பிட்டுட்டுப் போயிருக்கணும்."

மொழிபெயர்ப்பாளர் அந்த இரண்டு வாக்கியத்தையும் நிதானமாக இங்கிலீஷில் சொன்னார். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் விடவில்லை. மாஜிஸ்திரேட் பீபியின் தாளைத் திருப்பிப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். கத்தியோடு பிறர் அறைக்குள் போவது எவ்வளவு அபாயம் என்று கொஞ்ச நேரம் பேசினார். அபராதம் எண்ணூறு வெள்ளி, கட்டத் தவறினால் இரண்டு மாதம் சிறை. பாராங் பறிமுதல்.

பிடோக்கில் வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அம்மா கைப்பையில் கொண்டுவந்திருந்தார். கட்டுகிற இடத்தில் ஒரு மலாய்ப் பெண் இருந்தார். நான் முன்னால் போகப் போனேன், நின்றுவிட்டேன். அப்பாவே பேசினார், அவருடைய மலாயில், கையை ஆட்டிக்கொண்டு. அந்தப் பெண் சிரித்து ஏதோ கேட்டார், அப்பா பதில் சொன்னார், இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அபராதம் எண்ணூறு, வக்கீலுக்கு முந்நூற்று ஐம்பது, பீபியின் சத்தியக் கடுதாசிக்கும் டாக்சிக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு வெள்ளி.